காஷாபா தாதாசாகேப் ஜாதவ்

காஷாபா தாதாசாகேப் ஜாதவ் (சனவரி 15, 1926 - ஆகத்து 14, 1984) ஓர் இந்திய மற்போர் வீரர் ஆவார். 1952 ஆம் ஆண்டு பின்லாந்தின் எல்சிங்கி நகரில் நடைபெற்ற கோடைக்கால ஒலிம்பிக் போட்டிகளில், கட்டற்ற பாணி (பிரீஸ்டைல்) மற்போரின் 57 கிலோ எடைப்பிரிவில் வெண்கலப் பதக்கம் வென்றார். விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் பெற்றுத் தந்த முதல் வீரர் இவரே. இவருக்கு அடுத்து ஓர் இந்தியர் தனிநபர் பதக்கம் வெல்ல 44 ஆண்டுகள் ஆயின. எனினும் தம் வாழ்நாளில் இவர் இந்திய அரசின் தேசிய விருது எதையும் பெறவில்லை. இவர் இறந்து ஏறத்தாழ பதினாறு ஆண்டுகளுக்குப் பின்னரே, 2000 ஆம் ஆண்டுக்கான அருச்சுனா விருது இவருக்கு அளிக்கப்பட்டது. வளைதடிப் பந்தாட்டம் (ஹாக்கி), துடுப்பாட்டம் (கிரிக்கெட்) போன்ற மக்கள் ஆதரவு மிகுந்த விளையாட்டுகளுக்கும் பிற விளையாட்டுகளுக்கும் தேசிய விருதுகள் பகிரப்படும் முறை பற்றிய விவாதங்களில் இவரது பெயர் தொடர்ந்து எடுத்துக்காட்டப்படுகிறது.

பிறப்பும் இளமையும்

ஜாதவ், அன்றைய பம்பாய் மாகாணத்தின் சாத்தாரா மாவட்டத்தில் கராடு நகருக்கு அருகிலுள்ள கோலேசுவர் என்னும் சிற்றூரில் பிறந்தார். இவ்வூர் இன்று மகாராட்டிர மாநிலத்தில் உள்ளது. தந்தை தாதாசாகேப் ஜாதவ் ஊரறிந்த பயில்வான். ஐந்து மகன்களுள் கடைசியாகப் பிறந்த காஷாபா, சிறுவயதிலேயே தந்தையிடம் மற்போர் பயிலத் தொடங்கினார். கராடில் உள்ள திலகர் உயர்நிலைப் பள்ளியில் 1940 முதல் 1947 வரை கல்வி கற்றார். 1942 இல் தொடங்கிய வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது, தலைமறைவாக இருந்த போராளிகளுக்குத் தங்குமிடம் அளித்தும் கடிதங்களைக் கொண்டு சேர்த்தும் உதவினார்.

பள்ளிப் படிப்புக்குப் பின் கோலாப்பூர் இராசாராம் கல்லூரியில் சேர்ந்தார். பாபுராவ் பலாவடே, பேலாபுரி குருசி ஆகியோர் இவருக்குப் பயிற்சி அளித்தனர். இவர் குள்ளமான, மெலிந்த உடலமைப்பு உடையவர். வலிமையைவிட விரைவையும் பிடி நுட்பத்தையும் நம்பியே போரிட்டார். எதிராளியின் தலையைக் கையால் வளைத்துப் பிடித்துத் தரையில் சாய்க்கும் பிடி, மராத்தியில் தாக் எனப்படுகிறது. ஜாதவ் இதில் தேர்ந்தவராக இருந்தார்.

மண் கோதாவும் மெத்தையும்

ஜாதவின் ஒலிம்பிக் வெற்றியின் அருமையை அறிய, அன்றைய இந்திய மற்போரின் நிலையை அறிதல் வேண்டும். கோலாப்பூர் அக்காலத்தில் இந்திய மற்போரின் முக்கிய மையங்களுள் ஒன்று. சத்ரபதி சாகு மகாராசர் பயில்வான்களைப் பேணி வளர்த்ததோடு, காசுபாகு மற்போர் அரங்கையும் கட்டுவித்தார். இவ்வரங்கு 1912 இல் திறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு குத்திப் போட்டிகளைக் கண்டனர். எனவே மற்போர் மக்கள் அறியாத விளையாட்டு அன்று. ஆனால் அதன் ஆதரவு ஊர்த் திருவிழாக்களையும் சமத்தான அரண்மனைகளையும் சார்ந்திருந்தது. நாடு முழுவதும் செய்தித்தாள் படிப்போரிடமும் வானொலி கேட்போரிடமும் வளைதடிப் பந்தாட்டமும் துடுப்பாட்டமும் பெற்றிருந்த இடம் மற்போருக்குக் கிடைக்கவில்லை.

விளையாடும் முறையிலும் பெரும் வேறுபாடு இருந்தது. இந்தியக் குத்தி, பதப்படுத்திய மண் பரப்பிய கோதாவில் நடைபெறும். எதிராளியை மல்லாக்கச் சாய்த்து அவரது தோள்களை மண்ணில் படச் செய்வதே வெற்றி. புள்ளிக் கணக்கு முதன்மையானதன்று. ஒலிம்பிக் மற்போர் மெத்தை விரிப்பின் மீது, குறித்த நேரத்துக்குள், நடுவர்களின் கணிப்பின்படி நடைபெறுவது. மண்ணில் காலூன்றிப் பழகிய வீரருக்கு மெத்தையில் நிற்பதே புதிதாகும். அக்கால இந்தியாவில் மெத்தை விரிப்புகள் அரிதாகவே இருந்தன.

1948 இலண்டன் ஒலிம்பிக்

ஜாதவ் முதன்முதலாகப் பங்கேற்ற ஒலிம்பிக் 1948 இல் இலண்டனில் நடைபெற்றது. இவரது பயணச் செலவைக் கோலாப்பூர் மகாராசா ஏற்றுக்கொண்டார். போட்டிக்கு முன், அமெரிக்காவைச் சேர்ந்த முன்னாள் வீரர் ரீசு கார்ட்னர் இவருக்குப் பயிற்சி அளித்தார். பன்னாட்டு விதிகளுக்கும் மெத்தைக்கும் புதியவரான ஜாதவ், 52 கிலோ எடைப்பிரிவில் ஆத்திரேலியாவின் பெர்ட் ஆரிசு, அமெரிக்காவின் பில்லி செர்னிகன் ஆகியோரை வென்றார். பின்னர் ஈரானின் மன்சூர் இரைசியிடம் தோல்வியுற்று ஆறாம் இடத்தைப் பெற்றார். இந்த அனுபவத்துக்குப் பின் அடுத்த நான்கு ஆண்டுகள், கூடுதல் எடைப்பிரிவில் பன்னாட்டு முறைப்படி போரிடுவதற்குத் தம்மை அணியப்படுத்திக் கொண்டார்.

எல்சிங்கிக்கான தேர்வு

1952 ஒலிம்பிக்குக்கான அணித் தேர்வு எளிதாக அமையவில்லை. சென்னையில் நடைபெற்ற தேசியப் போட்டியில், நிரஞ்சன் தாசு என்ற வீரரைவிட ஒரு புள்ளி குறைவாகத் தமக்கு வேண்டுமென்றே அளிக்கப்பட்டது என்று ஜாதவ் முறையிட்டார். அப்போது இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவராக இருந்தவர் பட்டியாலா மகாராசா யாதவிந்திர சிங். இவர் ஜாதவின் முறையீட்டை ஏற்று மீண்டும் மோதுவதற்கு வாய்ப்பளித்தார். அம்மோதலில் எதிராளியைச் சாய்த்து ஜாதவ் அணியில் இடம்பெற்றார்.

தேர்வானபின் பணம் தடையாயிற்று. எல்சிங்கி சென்றுவர ஆகும் செலவை வீரரே திரட்ட வேண்டிய நிலை இருந்தது. மாகாண அரசிடம் இவர் கோரிய உதவி உரிய காலத்தில் கிடைக்கவில்லை. ஜாதவும் அவரது குடும்பத்தினரும் கராடு வட்டாரத்து ஊர்களில் வீடுவீடாகவும் கடைகடையாகவும் சென்று நன்கொடை திரட்டினர். இராசாராம் கல்லூரியின் முதல்வராக இருந்த கர்டிகர், தம் வீட்டை அடகு வைத்து 7000 ரூபாய் கொடுத்து உதவினார். இவ்வாறு ஓர் ஆசிரியரின் கடனும் சிற்றூர் மக்களின் சில்லறையும் சேர்ந்தே இப்பயணத்தை இயலச் செய்தன.

1952 எல்சிங்கி ஒலிம்பிக்

எல்சிங்கியில் ஜாதவ் 57 கிலோ (பாண்டம்) எடைப்பிரிவில் போட்டியிட்டார். கனடாவின் அட்ரியன் போலிக்குவின், மெக்சிக்கோவின் இலியோனார்டோ பாசுர்தோ, செருமனியின் பெர்டினாண்டு சுமிட்சு ஆகியோரை வென்று முன்னேறினார். அக்கால விதிப்படி ஒவ்வொரு மோதலின் முடிவுக்கும் ஏற்ப வீரருக்கு எதிர்ப்புள்ளிகள் சேர்க்கப்பட்டன. குறித்த அளவை எட்டியவர் போட்டியிலிருந்து விலக்கப்பட்டார். எஞ்சியோர் தமக்குள் மோதிப் பதக்கங்களை முடிவு செய்தனர்.

இறுதிக் கட்டத்தில் ஜாதவ் சப்பானின் சோகாச்சி இசியியுடன் மோதினார். யூடோவிலிருந்து மற்போருக்கு வந்தவரான இசியியுடன் நிகழ்ந்த இம்மோதல் நீண்டதாகவும் கடுமையாகவும் இருந்தது. முடிவில் ஜாதவ் நூலிழையில் தோற்றார். இது முடிந்த சிறிது நேரத்திலேயே, சோவியத் ஒன்றியத்தின் இரசீது மம்மத்பேயோவுடன் மோதுமாறு இவர் அழைக்கப்பட்டார். இரு மோதல்களுக்கு இடையே குறைந்தது அரை மணி நேர ஓய்வு அளிக்கப்பட வேண்டும் என்பது விதி. ஆனால் அதை எடுத்துரைத்து வாதாட இந்திய அணி அலுவலர் எவரும் அவ்விடத்தில் இருக்கவில்லை. களைத்திருந்த ஜாதவ் இம்மோதலிலும் தோற்றார். 1952 சூலை 23 அன்று இசியி தங்கப் பதக்கமும் மம்மத்பேயோவ் வெள்ளிப் பதக்கமும் ஜாதவ் வெண்கலப் பதக்கமும் பெற்றனர். எல்சிங்கியில் சப்பானுக்குக் கிடைத்த ஒரே தங்கப் பதக்கம் இசியி வென்றதாகும்.

இதே போட்டிகளில் கேசவ் மாங்காவே என்ற மற்றோர் இந்திய மற்போர் வீரர், அடுத்த எடைப்பிரிவில் நான்காம் இடம் பெற்றுப் பதக்கத்தை மிகச் சிறு வேறுபாட்டில் இழந்தார். எல்சிங்கியில் இந்தியா பெற்ற பதக்கங்கள் இரண்டு மட்டுமே. ஒன்று வளைதடிப் பந்தாட்ட அணியின் தங்கம், மற்றொன்று ஜாதவின் வெண்கலம்.

பிரித்தானிய ஆட்சிக் காலத்தில், 1900 ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கில், கொல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிட்சர்டு தடகளத்தில் இரு வெள்ளிப் பதக்கங்கள் வென்றிருந்தார். இதனாலேயே ஜாதவைக் குறிப்பிடும்போது விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தனிநபர் பதக்க வீரர் எனக் குறிப்பிடுவது வழக்கம்.

வரவேற்பு

நாடு திரும்பிய ஜாதவைக் கராடு தொடர்வண்டி நிலையத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டு வண்டிகளின் ஊர்வலத்தில் மக்கள் அழைத்துச் சென்றனர். வழக்கமாகக் கால் மணி நேரத்தில் கடக்கும் தொலைவைக் கடக்க ஊர்வலத்துக்கு ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆயிற்று. இந்தக் கொண்டாட்டம் முழுவதும் அவ்வட்டார மக்களுடையதாகவே இருந்தது. தேசிய அளவில் எல்சிங்கியின் செய்தியாகப் பேசப்பட்டது வளைதடிப் பந்தாட்ட அணியின் வெற்றியே ஆகும். ஊர் திரும்பிய ஜாதவ் குத்திப் போட்டிகளை ஏற்பாடு செய்து, அவற்றில் கிடைத்த வருவாயைக் கொண்டு கல்லூரி முதல்வரின் கடனை அடைத்து, அடகிலிருந்த அவரது வீட்டை மீட்டுக் கொடுத்தார்.

காவல்துறைப் பணியும் இறுதிக் காலமும்

1955 இல் ஜாதவ் காவல்துறையில் துணை ஆய்வாளராகச் சேர்ந்தார். முழங்காலில் ஏற்பட்ட காயத்தால் 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் பங்கேற்க இயலவில்லை. அதன்பின் பன்னாட்டுப் போட்டிகளுக்கு இவர் திரும்பவில்லை. காவல்துறைப் போட்டிகளில் பங்கேற்றும் இளம் வீரர்களுக்குப் பயிற்சி அளித்தும் வந்தார். ஏறத்தாழ 27 ஆண்டுகள் பணியாற்றி, உதவி ஆணையர் நிலையில் ஓய்வு பெற்றார். ஓய்வூதியம் பெறுவதற்கு இவர் போராட நேர்ந்தது. இறுதி ஆண்டுகளில் பண நெருக்கடியில் வாழ்ந்தார். 1982 இல் தில்லியில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் தீப்பந்த ஓட்டத்தில் பங்கேற்க அழைக்கப்பட்டார். 1984 ஆகத்து 14 அன்று சாலை விபத்தொன்றில் காலமானார். அப்போது இவருக்கு வயது 58.

தேசிய விருதுகளும் ஜாதவும்

ஜாதவுக்கு விருது கிடைக்காமல் போனதற்கு ஒரே ஒரு காரணத்தைக் கூற இயலாது. விருதுகள் தோன்றிய காலம், அவற்றின் விதிகள், விளையாட்டுகளுக்கு இருந்த செல்வாக்கு ஆகிய மூன்றும் இதில் கலந்துள்ளன.

இவர் பதக்கம் வென்ற 1952 இல், விளையாட்டு வீரர்களைச் சிறப்பிக்கும் தேசிய விருது எதுவும் இருக்கவில்லை. பாரத ரத்னா, பத்ம விருதுகள் ஆகியவை 1954 இல் நிறுவப்பட்டன. பத்ம விருதுகள் விளையாட்டுத் துறையை விரைவிலேயே எட்டின. 1956 இல் வளைதடிப் பந்தாட்ட வீரர் தியான் சந்தும், இந்தியத் துடுப்பாட்ட அணியின் முதல் தேர்வுப் போட்டித் தலைவரான சி. கே. நாயுடுவும் பத்ம பூசண் விருது பெற்றனர். எல்சிங்கி இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்துக்கு எதிராக ஐந்து கோல்கள் அடித்த பல்பீர் சிங்குக்கு 1957 இலும், அவ்வணியின் தலைவர் கே. டி. சிங் பாபுவுக்கு 1958 இலும் பத்மசிறீ அளிக்கப்பட்டது. ஆகவே எல்சிங்கி வெற்றி அரசின் நினைவில் இல்லாமல் போகவில்லை. அங்கு வென்ற இரு பதக்கங்களுள் ஒன்றுக்கு உரியவர்கள் ஆறு ஆண்டுகளுக்குள் சிறப்பிக்கப்பட்டனர். மற்றொன்றுக்கு உரியவர் அப்போது காவல்துறையில் துணை ஆய்வாளராகப் பணியாற்றிக் கொண்டிருந்தார்.

அக்காலப் பத்ம விருதுகள் குழு விளையாட்டுகளுக்கு மட்டும் உரியனவாக இருந்ததாகவும் கூற முடியாது. 1959 இல் ஓட்ட வீரர் மில்கா சிங்கும், ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த மிகிர் சென்னும், 1960 இல் நீச்சல் வீராங்கனை ஆரத்தி சாகாவும் பத்மசிறீ பெற்றனர். இம்மூவரின் சாதனைகளும் நாளிதழ்களில் பரவலாக இடம்பெற்றவை. விருதுக்குச் சற்று முன்னரே நிகழ்ந்தவை. இவற்றைக் கொண்டு பார்க்கும்போது, ஒரு விளையாட்டின் செல்வாக்கோடு, சாதனை நிகழ்ந்த காலத்தில் அதைப் பற்றி நாடு எவ்வளவு பேசியது என்பதும் விருதைப் பாதித்தது என்று கருதலாம். ஜாதவின் பதக்கம் பத்ம விருதுகள் தோன்றுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. அதைப் பின்னர் நினைவூட்டி வலியுறுத்தச் செல்வாக்குள்ள அமைப்பு எதுவும் மற்போருக்கு இருக்கவில்லை.

விளையாட்டுக்கெனத் தனி விருதாக அருச்சுனா விருது 1961 இல் ஏற்படுத்தப்பட்டது. முதலாண்டிலேயே பல விளையாட்டுகளைச் சேர்ந்தோர் இதைப் பெற்றனர். தமிழர்களான டென்னிசு வீரர் இராமநாதன் கிருஷ்ணன், சதுரங்க வீரர் மானுவல் ஆரோன் ஆகியோரும் இவர்களுள் அடங்குவர். மற்போருக்கான முதல் விருது, அவ்வாண்டு உலகப் போட்டியில் வெண்கலம் வென்ற உதய் சந்துக்கு அளிக்கப்பட்டது. மக்கள் ஆதரவு குறைந்த விளையாட்டுகளுக்கும் சம இடம் தந்த வகையில் இவ்விருது முக்கியமானது. எனினும் இது அண்மை ஆண்டுகளின் ஆட்டத்திறனைக் கருதி வழங்கப்படுவது. களத்திலிருந்து விலகி ஆண்டுகள் சில கடந்திருந்த ஜாதவ் இதன் வரம்புக்குள் வரவில்லை. அண்மைச் சாதனையை விடுத்து வாழ்நாள் பங்களிப்பைப் போற்றும் தியான் சந்த் விருது 2002 இல்தான் தோன்றியது. 1991-92 இல் நிறுவப்பட்ட கேல் ரத்னா விருதும் ஜாதவின் மறைவுக்குப் பிந்தையதே. இவ்விருதை முதலில் பெற்றவர் சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த் ஆவார்.

இறந்தபின் பத்ம விருது பெறுவதற்கும் தடை உள்ளது. பொதுவாகப் பத்ம விருதுகள் மறைந்தவர்களுக்கு அளிக்கப்படுவதில்லை. மிகத் தகுதி வாய்ந்தவர் எனில், குடியரசு நாளுக்கு முந்தைய ஓராண்டுக்குள் மறைந்திருந்தால் கருதப்படலாம் என்பதே நடைமுறை. ஜாதவின் மகனும் மகாராட்டிர மற்போர் ஆர்வலர்களும் இவருக்குப் பத்ம விருது அளிக்குமாறு பல ஆண்டுகளாகக் கோரி வந்துள்ளனர்.

பிற்காலத்தவருடன் ஒப்பீடு

ஜாதவுக்குப் பின் தனிநபர் பதக்கம் வென்ற முதல் இந்தியர், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் டென்னிசில் வெண்கலம் வென்ற லியாண்டர் பயசு ஆவார். 1996 முதல் 2016 வரையிலான ஒலிம்பிக்குகளில் இந்தியாவுக்குத் தனிநபர் பதக்கம் வென்றோர் மொத்தம் 13 பேர். பளுதூக்குதல், துப்பாக்கிச் சுடுதல், குத்துச்சண்டை, இறகுப்பந்து, மற்போர், டென்னிசு ஆகிய விளையாட்டுகளைச் சேர்ந்த இவர்கள் அனைவரும் ஏதேனுமொரு பத்ம விருதைப் பெற்றுள்ளனர். இவர்களில் மற்போர் வீரர்களான சுசில் குமார் 2011 இலும், யோகேசுவர் தத் 2013 இலும், சாக்சி மாலிக் 2017 இலும் பத்மசிறீ பெற்றனர். மாற்றுத் திறனாளர் ஒலிம்பிக்கில் 2016 இல் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலுவுக்கு மறு ஆண்டிலேயே பத்மசிறீ அளிக்கப்பட்டது. ஒலிம்பிக் பதக்கம் வென்றவரின் விளையாட்டு எதுவாயினும் அவரைச் சிறப்பிக்கும் வழக்கம் பிற்காலத்தில் உருவானதை இது காட்டுகிறது. அவ்வழக்கம் தோன்றுவதற்கு முன்பே வென்றவர் ஜாதவ்.

மக்கள் செல்வாக்கு மிகுந்த விளையாட்டிலும் இத்தகைய கேள்வி எழுந்துள்ளது. பாரத ரத்னா விருதுக்கான விதியில் 2011 வரை விளையாட்டுத் துறை இடம்பெறவில்லை. அவ்வாண்டு விதி திருத்தப்பட்டு மனித முயற்சியின் எத்துறையினரும் விருதுக்குத் தகுதி உடையவராயினர். 2014 இல் துடுப்பாட்ட வீரர் சச்சின் டெண்டுல்கர் இவ்விருதைப் பெற்ற முதல் விளையாட்டு வீரரானார். மூன்று ஒலிம்பிக் தங்கங்கள் வென்ற தியான் சந்துக்கு இவ்விருது அளிக்கப்பட வேண்டும் என்று கோரியோர், வளைதடிப் பந்தாட்டத்தின் செல்வாக்கு துடுப்பாட்டத்துக்குக் கைமாறிவிட்டதையும் சுட்டிக்காட்டினர். ஆயினும் தியான் சந்தின் பெயரால் வாழ்நாள் விருது நிறுவப்பட்டது. 2021 இல் கேல் ரத்னா விருதும் அவர் பெயரைப் பெற்றது. ஜாதவின் பெயரில் இத்தகைய தேசிய விருது ஏற்படுத்தப்படவில்லை.

பெற்ற சிறப்புகள்

1992-93: மகாராட்டிர அரசின் சிவ சத்ரபதி விருது (மறைவுக்குப் பின்)
2000: இந்திய அரசின் அருச்சுனா விருது (மறைவுக்குப் பின்)
2010: தில்லி பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளையொட்டி, இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தின் மற்போர் அரங்குக்கு இவர் பெயர் சூட்டப்பட்டது
2023: சனவரி 15 அன்று இவரது 97 ஆவது பிறந்த நாளையொட்டி, கூகுள் நிறுவனம் தன் முகப்பில் இவரது சித்திரத்தை வெளியிட்டது
2023: இவரது பிறந்த நாளை மாநில விளையாட்டு நாளாகக் கொண்டாட மகாராட்டிர அரசு முடிவு செய்தது

இந்திய மற்போரில் தாக்கம்

ஜாதவுக்குப் பின் இந்தியாவின் அடுத்த மற்போர்ப் பதக்கம் 56 ஆண்டுகள் கழித்து, 2008 பெய்சிங் ஒலிம்பிக்கில் சுசில் குமார் வழியாகக் கிடைத்தது. 2012 இல் சுசில் குமார், யோகேசுவர் தத், 2016 இல் சாக்சி மாலிக், 2021 இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் இரவி குமார் தகியா, பச்ரங் பூனியா, 2024 பாரிசில் அமன் செராவத் ஆகியோர் பதக்கம் வென்றனர். இதனால் 2008 முதல் 2024 வரை நடைபெற்ற ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் இந்தியா மற்போரில் பதக்கம் பெற்றுள்ளது. இவ்வீரர்கள் மெத்தை விரிப்புகள், அயல்நாட்டுப் பயிற்சி, அரசு நிதி ஆகியவற்றின் துணையோடு வென்றவர்கள். 1952 இல் ஜாதவுக்கு இவற்றுள் எதுவும் கிடைக்கவில்லை. ஊர் மக்களின் நன்கொடையும் ஓர் ஆசிரியரின் அடகுப் பணமுமே அவருக்குத் துணையாக இருந்தன.